புதுவாயல் வழிச் சரக்குப் போக்குவரத்தும் இடர் மேலாண்மையும்: ஒரு வரலாற்றுப் பார்வை

ஒரே சரக்கை லாரி, ரயில், கப்பல் எனப் பல ஊர்திகளில் மாற்றி மாற்றி ஏற்றி உரியவரிடம் சேர்ப்பது பல்வகைச் சரக்குப் போக்குவரத்து எனப்படும். வழியில் சரக்கு உடைவது, நனைவது, திருட்டுப் போவது, தீப்பற்றுவது, காலம் கடந்து சேர்வது ஆகியவை இதன் இடர்கள். இவற்றை முன்கூட்டியே அறிந்து தடுப்பதும், தடுக்க இயலாதபோது இழப்பை யார் ஏற்பது என வரையறுப்பதும் இடர் மேலாண்மை ஆகும்.

திருவள்ளூர் மாவட்டத்தில், கவரைப்பேட்டையை அடுத்துள்ள புதுவாயல், சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் அமைந்த சிற்றூர். பெரியபாளையம் செல்லும் சாலை இங்கிருந்து பிரிகிறது. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. கிழக்கே சென்னை–கூடூர் ரயில் பாதை. அதற்கும் அப்பால் பக்கிங்காம் கால்வாய், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள், கடல். சாலை, ரயில், கால்வாய், கடல் ஆகிய நான்கு வழிகளும் அருகருகே செல்வதால், இவ்வட்டாரத்தின் வரலாற்றைக் கொண்டே இப்பொருளை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

மசூலா படகுக் காலம்

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களும் சென்னையில் ஆங்கிலேயர்களும் 17ஆம் நூற்றாண்டில் வணிகத் தளம் அமைத்தனர். சென்னையில் அப்போது துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு வெளியே நங்கூரமிட, சரக்கு மசூலா படகுகளில் கரைக்கு வந்தது. ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்யப்பட்ட படகு இது. அலை மோதும்போது உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும். இதை அன்றைய இடர் மேலாண்மைத் தொழில்நுட்பம் என்றே சொல்லலாம். ஆயினும் படகு கவிழ்வதும் மூட்டைகள் நனைவதும் நீங்கவில்லை. பல்லாயிரம் மைல் கடல் கடந்து வந்த சரக்கு, கரைக்கு முந்தைய சிறு தொலைவில் பாழாவதுண்டு.

இக்குறையைப் போக்க 1861இல் கடலுக்குள் நீளும் இரும்புத் தளம் கட்டப்பட்டது. 1876இல் செயற்கைத் துறைமுகப் பணி தொடங்கியது. 1881 நவம்பரில் வீசிய புயல், கட்டிவந்த அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்தது. பிறகே துறைமுகத்தை மீண்டும் கட்டினர். பின்னாளில் அதன் நுழைவாயில் கிழக்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்றப்பட்டது.

கால்வாயும் ரயிலும்

கடல் அலைக்கு அஞ்சாமல் கரையோரமாகவே சரக்கு கொண்டுசெல்ல 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டப்பட்டது. பின்னர் அது பழவேற்காடு ஏரிக்கும், அதற்கு வடக்கேயும் நீண்டது. 1877–78 பஞ்ச காலத்தில் நிவாரணப் பணியாக நகருக்குள் இணைப்பு வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு வழங்கலாயிற்று. உப்பும் விறகும் இதில் பெருமளவு வந்தன.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் இராயபுரத்திலிருந்து ஓடியது. அந்நூற்றாண்டின் இறுதியில் வடக்கு ரயில் பாதையும் அமைந்தபின் கால்வாயின் முதன்மை குறைந்தது. 1960களிலும் 1976லும் வந்த புயல்கள் கால்வாயை மேலும் பாழாக்கின. அதன் சுமை முழுதும் சாலைக்கும் ரயிலுக்கும் மாறியது.

கண்டெய்னரின் வருகை

1983இல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. ஆலையிலேயே சரக்கை அடைத்து முத்திரையிடலாம். லாரி, ரயில், கப்பல் என மாறினாலும் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. இதனால் நனைவதும் திருட்டும் பெரிதும் குறைந்தன. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு எடை, எப்படிக் கட்டப்பட்டுள்ளது என்பது வெளியே தெரியாமற்போனது. எடையைக் குறைத்துக் காட்டினால் கப்பலின் அடுக்கு சரியும். உள்ளே சரக்கு நகர்ந்தால் வளைவில் லாரி கவிழும். எனவே 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்க்கப்படாத ஏற்றுமதிக் கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்ற பன்னாட்டு விதி நடைமுறைக்கு வந்தது.

இழப்பை ஏற்பது யார்?

சாலைக்கு 1865ஆம் ஆண்டுச் சட்டம், கடலுக்கு 1925ஆம் ஆண்டுச் சட்டம், ரயிலுக்குத் தனிச் சட்டம் என இருந்ததால், சரக்கு எந்தக் கட்டத்தில் கெட்டது என்று தெரியாதபோது வணிகர் திண்டாடினர். இதற்குத் தீர்வாக 1993இல் பல்வகைச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இயற்றப்பட்டது. இது இந்தியாவிலிருந்து வெளிநாடு செல்லும் சரக்குக்குப் பொருந்தும். பதிவு பெற்ற ஒரே நிறுவனம், ஒரே ஆவணத்தின்கீழ், முழு வழிக்கும் பொறுப்பேற்கும்.

ஆனால் பொறுப்புக்கு வரம்பு உண்டு. சரக்கின் தன்மையும் மதிப்பும் முன்பே அறிவிக்கப்படாமல், கெட்ட கட்டமும் தெரியாவிட்டால், கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர். அல்லது பொட்டலத்துக்கு 666.67 எஸ்.டி.ஆர்., இவற்றுள் எது கூடுதலோ அதுவே உச்ச இழப்பீடு. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. ஒரு டன் எடையுள்ள இயந்திரப் பெட்டி முழுதும் அழிந்தால், அதன் விலை எதுவானாலும் 2,000 எஸ்.டி.ஆர். மட்டுமே கிடைக்கும். கடல் அல்லது உள்நாட்டு நீர்வழி சேராத பயணமானால் வரம்பு கிலோவுக்கு 8.33 எஸ்.டி.ஆர். வெளியே தெரியாத சேதத்தைப் பெற்றுக்கொண்ட 6 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வழக்கை 9 மாதங்களுக்குள் தொடுக்க வேண்டும். மதிப்பை அறிவிப்பதும் காப்பீடு செய்வதும் ஏன் இன்றியமையாதவை என்பது இதனால் விளங்கும்.

மூன்று நிகழ்வுகள்

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதின. ஒன்று துறைமுகத்துக்குள் வந்துகொண்டிருந்தது, மற்றது வெளியேறிக்கொண்டிருந்தது. கடலில் கலந்த எண்ணெயைத் தொழிலாளர்களும் மீனவர்களும் மாணவர்களும் வாளிகளால் அள்ளினர்.

2015இல் சுங்கத் துறை கைப்பற்றிய அம்மோனியம் நைட்ரேட், 37 கண்டெய்னர்களில் மணலியிலுள்ள சரக்குப் பெட்டக நிலையத்தில் ஐந்தாண்டுகள் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் அதே வேதிப்பொருள் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகே, மணலியில் இருந்த ஏறத்தாழ 700 டன்னும் ஐதராபாத்துக்கு அகற்றப்பட்டது. ஓடும் சரக்கைவிட, வழக்கில் சிக்கி நிற்கும் சரக்கு பேரிடராகக்கூடும் என்பதை இது காட்டியது.

2024 அக்டோபர் 11 இரவு, புதுவாயலுக்கு அருகிலுள்ள கவரைப்பேட்டை ரயில் நிலையத்தில், மைசூரு–தர்பங்கா பாக்மதி விரைவு ரயில் முதன்மைப் பாதையிலிருந்து விலகி, கிளைப் பாதையில் நின்றிருந்த சரக்கு ரயில்மீது மோதியது. உயிரிழப்பு இல்லை, பலர் காயமுற்றனர். பாதை அடைபட்டதால் வடக்கு நோக்கிய ரயில்கள் பல திருப்பிவிடப்பட்டன. ஒரு வழி அடைபட்டால் மாற்று வழி என்ன என்ற கேள்வியை இந்நிகழ்வு எழுப்பியது.

முடிவுரை

இவ்வரலாற்றில் ஓர் ஒற்றுமையைக் காணலாம். நீண்ட வழியைவிட, சரக்கு கைமாறும் இடத்திலும் காத்து நிற்கும் இடத்திலுமே இடர் மிகுதி. அன்று அது அலைமோதும் கரை. இன்று அது துறைமுக வாயில், சரக்குப் பெட்டக நிலையம், ரயில் கிளைப் பாதை. 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்ட மப்பேடு பல்வகைச் சரக்குப் பூங்காவும், எண்ணூரிலிருந்து தச்சூர் வழியே செல்லும் சென்னை எல்லைச் சாலையும் இக்கைமாற்றங்களைச் சீராக்கும் நோக்கம் கொண்டவை.

எனினும் சட்டம் விலை குறித்திருப்பது சரக்குக்கு மட்டுமே. எண்ணெய் படிந்த வலைக்குரிய மீனவரோ, மணலியில் வெடிபொருளுக்கு அருகே ஐந்தாண்டுகள் உறங்கிய குடும்பமோ, கவரைப்பேட்டையில் காயமுற்ற பயணியோ எந்தச் சரக்கு ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டவர் அல்லர். வழியோரத்தில் வாழும் மக்களையும் கணக்கில் சேர்க்கும்போதுதான் இடர் மேலாண்மை முழுமை பெறும்.