மண்டயம்: ஓர் எழுத்துக்குள் ஓர் ஊர்

பெங்களூருவின் பழைய வீடுகளில் பெயர்ப்பலகை படிக்கத் தனிப் பழக்கம் வேண்டும். தமிழ்நாட்டில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து நின்றால் அப்பா பெயர் என்று எடுத்துக்கொள்கிறோம். இங்கே பல குடும்பங்களில் முதல் எழுத்து ஊர், அடுத்தது அப்பா, அதன் பிறகுதான் ஆள். அந்த முதல் எழுத்து ‘எம்’ ஆக இருந்து, சமையலறையிலிருந்து சாத்தமுது, திருக்கண்ணமுது என்று ஐயங்கார் வீட்டுத் தமிழும் காதில் விழுந்தால், அது ‘மண்டயம்’ ஆக இருக்க வாய்ப்பு அதிகம்.

பெங்களூருவிலிருந்து மைசூரு போகும் சாலையில் சுமார் 100 கிலோமீட்டரில் வரும் மண்டியாதான் அந்த ஊர். 1516இல் கிருஷ்ணதேவராயர் அதைக் கோவிந்தராஜர் என்ற வைணவருக்கு அக்கிரகாரமாக வழங்கினார். திருப்பதியிலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்றும், ராமானுஜரின் சீடராகத் திருமலையில் நந்தவனம் அமைத்த அனந்தாழ்வானின் வழியினர் என்றும் மண்டயம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகின்றன. சுற்றிலும் கன்னடம்; வீட்டில் மட்டும் தமிழ். ஐந்நூறு ஆண்டுகளாக அது நிலைத்திருப்பது சின்ன விஷயமில்லை.

ஊரை விட்டுப் போனவர்களும் ஊர்ப் பெயரை விடவில்லை. விவேகானந்தரை 1893இல் சிகாகோவுக்கு அனுப்பச் சென்னையில் வீடு வீடாகப் பணம் திரட்டிய அளசிங்கப் பெருமாள் மண்டயத்தார். 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான எம்.பி.டி. ஆச்சார்யாவின் ‘எம்’மும் இதே ஊர்தான்.

தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமானவர் மண்டயம் ஸ்ரீனிவாசாச்சாரியார். பாரதியின் ‘இந்தியா’ பத்திரிகைக்குத் துணைநின்று, புதுச்சேரியில் அவரோடு பழகி வாழ்ந்தவர். பாரதி வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் ஓடியாடி வளர்ந்து, பின்னாளில் ‘பாரதி நினைவுகள்’ எழுதிய யதுகிரி அம்மாள் இவருடைய மகள். மண்டியா மாவட்டத்தில் உள்ள மேல்கோட்டை மலைக்கு யதுகிரி என்று பெயர். தகப்பனார் பெயரில் மண்டியா, மகள் பெயரில் மேல்கோட்டை. கடற்கரை ஊரில் இருந்தபடியே பூர்வீகத்தை இப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது அந்த வீடு.

அந்தப் பூர்வீகத்தில் ஒரு துக்கமும் உண்டு. மேல்கோட்டையைச் சேர்ந்த பாரத்வாஜ கோத்திரத்து மண்டயம் குடும்பங்கள் நரக சதுர்த்தசியைக் கொண்டாடுவதில்லை. மைசூர் அரச குடும்பத்துக்காகச் செயல்பட்டதற்காகத் திப்பு சுல்தான் தங்கள் உறவினரைக் கொன்ற நாள் அது என்பது அவர்களின் நினைவு. கொல்லப்பட்டவர் எத்தனை பேர், எங்கே என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அந்த வீடுகளில் மட்டும் அன்று தீபாவளி இல்லை.

இப்போது பெயர் கடல் தாண்டியும் போய்விட்டது. பெங்களூருவில் படித்து, இந்திய அறிவியல் கழகம் வழியாக வெளிநாடு சென்று, தேனீக்கள் தூரத்தை எப்படி அளக்கின்றன என்று கண்டறிந்த விஞ்ஞானி எம்.வி. ஸ்ரீனிவாசன் 2006இல் ஆஸ்திரேலியாவின் பிரதமர் அறிவியல் பரிசைப் பெற்றார். அங்கே அவர் ‘மண்டயம் ஸ்ரீனிவாசன்’. ஸ்ரீனிவாசன் குடும்பப் பெயராகிவிட, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மண்டியா உட்கார்ந்திருக்கிறது.