காப்பகமும் ஹெட் ஸ்டார்ட்டும்: அமெரிக்க முன்பருவக் கூட்டாண்மைகள்

பிறந்தது முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்காக அமெரிக்காவில் மூன்று ஏற்பாடுகள் தனித்தனியே வளர்ந்தன. ஏழைக் குடும்பங்களுக்காகக் கூட்டரசு நிதியில் நடக்கும் ஹெட் ஸ்டார்ட் ஒன்று. வேலைக்குப் போகும் பெற்றோர் பணம் கட்டியோ அரசு மானியத்திலோ குழந்தையை விட்டுச் செல்லும் காப்பகம் இரண்டாவது. மாநிலங்களின் முன்பள்ளி மூன்றாவது. இவற்றில் இரண்டோ மூன்றோ ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, பணம், பணியாளர், பயிற்சி, விதிமுறை ஆகியவற்றைச் சேர்த்து, ஒரே குழந்தையைப் பெரும்பாலும் ஒரே கட்டடத்தில் கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு கூட்டாண்மை எனப்படுகிறது. இப்படிச் சேர்ந்தால் காப்பகத்தின் தரம் உயருமா என்ற கேள்வி 1990-களின் பிற்பகுதியிலிருந்து ஆராயப்பட்டு வருகிறது. விதிமுறையோடு பணமும், பணத்தோடு ஆசிரியர் ஊதியமும், அவற்றோடு சில ஆண்டுக் கால அவகாசமும் சேர்ந்து வந்த இடங்களில் தரம் தெளிவாக உயர்ந்திருக்கிறது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் பலன் மங்கிவிடுகிறது.

பிரிந்து வளர்ந்த கதை

வறுமைக்கு எதிரான போர் என்ற பெயரில் லிண்டன் ஜான்சன் அரசு தொடங்கிய திட்டங்களில் ஹெட் ஸ்டார்ட்டும் ஒன்று. 1965 மே 18 அன்று வெள்ளை மாளிகையின் ரோஜாத் தோட்டத்தில் ஜான்சன் அதை அறிவித்தார். குழந்தை மருத்துவர் ராபர்ட் குக் தலைமையிலான குழு அதை வடிவமைத்தது. முதல் இயக்குநர் ஜூலியஸ் ரிச்மண்டும் மருத்துவரே. அந்த முதல் கோடையில் அது எட்டு வாரத் திட்டமாகத்தான் நடந்தது. எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுப்பதோடு நில்லாமல் தடுப்பூசி, பல் பரிசோதனை, சூடான சாப்பாடு, குடும்பத்துக்கு வேண்டிய உதவி ஆகியவையும் ஆரம்பத்திலேயே திட்டத்துக்குள் இருந்தன. நிர்வாகத்தில் பெற்றோருக்கும் வாக்கு உண்டு. 1975-இல் நாடு முழுமைக்குமான செயல்தர விதிகள் நடைமுறைக்கு வந்தன.

காப்பகங்களுக்கு அப்படியொரு நாடு தழுவிய விதி அமையவில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் தரமான பராமரிப்பு அமைப்பை உருவாக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவை 1971 டிசம்பரில் அதிபர் ரிச்சர்ட் நிக்சன் தடுப்பதிகாரத்தால் நிறுத்திவிட்டார். அமெரிக்கக் குழந்தைகள் இன்றுவரை சுமக்கும் இழப்பு அது என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு. அதன்பின் காப்பகத்தின் தரம் அந்தந்த மாநிலத்தின் உரிம விதியைப் பொறுத்ததாகவே இருந்தது. 1990-இல் கூட்டரசு மானியம் வந்தது. 1996-இன் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம், உதவித்தொகை பெற்றுவந்த தாய்மாரை வேலைக்குப் போக வைத்தது. மானியத்தின் தேவையும் கூடியது.

அங்கேதான் சிக்கல் முற்றியது. ஹெட் ஸ்டார்ட் வகுப்புகளில் பல அரைநாளில் முடிந்துவிடும். தாயின் வேலையோ மாலைவரை நீளும். நல்ல திட்டத்தில் இடம் கிடைத்தும் அனுப்ப முடியாத குடும்பங்கள் இருந்தன. சில ஊர்களில் குழந்தையை நண்பகலில் வண்டியில் ஏற்றி ஹெட் ஸ்டார்ட்டிலிருந்து காப்பகத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரே நாளில் இரண்டு கட்டடம், இரண்டு ஆசிரியர், இரண்டு விதமான ஒழுங்கு. இந்த அலைச்சலைத் தவிர்க்க, ஹெட் ஸ்டார்ட்டின் சேவைகளையே காப்பகத்துக்குள் கொண்டுவரலாம் என்று உள்ளூர் நிர்வாகிகள் முயன்றதில் முதல் கூட்டாண்மைகள் பிறந்தன. சிகாகோவில் 2000-இல் தொடங்கிய எஜுகேர் பள்ளி, பல அரசுத் திட்டங்களின் பணத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முழுநாள் பராமரிப்பு தர முடியும் என்று காட்டியது.

தரத்தை எப்படி அளக்கிறார்கள்

இத்துறையில் தரம் இரண்டு பகுதிகளாகப் பார்க்கப்படுகிறது. ஓர் ஆசிரியருக்கு எத்தனை குழந்தைகள், அறையில் மொத்தம் எத்தனை பேர், ஆசிரியரின் படிப்பு என்ன என்பவை கட்டமைப்புத் தரம். இவற்றை எண்ணிச் சொல்லலாம். ஆசிரியர் குழந்தையோடு எப்படிப் பேசுகிறார், அழும்போது என்ன செய்கிறார், அது சுட்டும் பொருளின் பெயரைச் சொல்லிப் பேச்சை வளர்க்கிறாரா என்பவை நடைமுறைத் தரம். இதை உட்கார்ந்து கவனித்தால்தான் தெரியும். வட கரோலைனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தெல்மா ஹார்ம்ஸ், ரிச்சர்ட் கிளிஃபோர்ட் ஆகியோர் 1980-இல் வெளியிட்ட மதிப்பீட்டுக் கருவியும், கைக்குழந்தை அறைகளுக்காகப் பின்னர் வந்த அதன் வடிவமும் பெருவழக்கில் உள்ளன. பயிற்சி பெற்ற ஒருவர் சில மணி நேரம் அறையில் இருந்து 1 முதல் 7 வரை மதிப்பெண் இடுவார். 3 என்பது குறைந்தபட்சம்; 5 நல்ல தரம்.

கலிஃபோர்னியா, கொலராடோ, கனெக்டிகட், வட கரோலைனா ஆகிய நான்கு மாநிலங்களில் சுமார் 400 காப்பகங்களை அளந்து 1995-இல் வெளியான ஆய்வு நாட்டை உலுக்கியது. கைக்குழந்தை, நடை பழகும் குழந்தை அறைகளில் 40 விழுக்காடு குறைந்தபட்சத் தரத்தையும் எட்டவில்லை. நல்ல தரம் என்று சொல்லத்தக்கவை 8 விழுக்காடுதான். கூட்டாண்மை பற்றிய பேச்சு பெரும்பாலும் மூன்று வயதுக்குட்பட்டோரைச் சுற்றியே நடப்பதற்கு இந்த எண்கள் ஒரு காரணம்.

ஏர்லி ஹெட் ஸ்டார்ட்டின் வருகை

கருவுற்ற பெண்களுக்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குமான ஏர்லி ஹெட் ஸ்டார்ட் 1994-இன் சட்டத்தால் உருவாகி அடுத்த ஆண்டு தொடங்கியது. 17 இடங்களில் 3,001 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வில், மூன்று வயதில் பேச்சு, அறிவு வளர்ச்சி, நடத்தை ஆகியவற்றில் அளவான முன்னேற்றம் தெரிந்தது. மையத்தில் பராமரிப்பு, வீட்டுக்குப் போய்ப் பெற்றோரைச் சந்திப்பது என இரண்டையும் கலந்து தந்த இடங்களில் பலன் கூடுதலாக இருந்தது. ஆனால் தகுதியுள்ள குழந்தைகளில் மிகச் சிலருக்கே இடம் கிடைத்தது. மற்றவர்கள் சாதாரணக் காப்பகங்களிலும் அண்டை வீடுகளிலும் இருந்தார்கள்.

புதிய கட்டடங்கள் எழுப்புவதைவிட, அந்தக் குழந்தைகள் ஏற்கனவே இருக்கும் இடத்தின் தரத்தை உயர்த்தலாம் என்று பராக் ஒபாமா அரசு முடிவெடுத்தது. 2014 ஜனவரியில் நாடாளுமன்றம் ஏர்லி ஹெட் ஸ்டார்ட் - காப்பகக் கூட்டாண்மைக்கும் திட்ட விரிவாக்கத்துக்கும் சேர்த்து 50 கோடி டாலர் ஒதுக்கியது. நிதி பெறும் அமைப்பு உள்ளூர்க் காப்பகங்களோடும், வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்களோடும் ஒப்பந்தம் செய்யும். அவர்கள் ஏர்லி ஹெட் ஸ்டார்ட் விதிகளுக்கு உட்படுவார்கள். ஜார்ஜியா, அலபாமா போன்ற இடங்களில் மாநில அரசுத் துறைகளே நிதி பெற்றன.

அறைக்குள் என்ன மாறுகிறது

ஜார்ஜியாவின் உரிம விதிப்படி ஆறு கைக்குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் போதும். ஓர் அறையில் பன்னிரண்டு குழந்தைகள் வரை இருக்கலாம். கூட்டாண்மைக்குள் வந்தால் நான்கு குழந்தைக்கு ஓர் ஆசிரியர், அறைக்கு எட்டுப் பேர். அதே இரண்டு பணியாளர்தான். குழந்தைகளில் நான்கு பேர் குறைகிறார்கள்.

இந்த நான்கு பேரின் வேறுபாடு காகிதத்தில் சிறியது. பன்னிரண்டு குழந்தைகள் இருக்கும் அறையில் ஒருவர் டயப்பர் மாற்றும் மேசையருகே நின்றுவிட்டால் மற்றவர் பதினொரு பேரைப் பார்க்க வேண்டும். பசித்து அழும் குழந்தைக்குப் பால் புட்டியைத் துணிச் சுருளில் சாய்த்துவைத்துவிட்டு அடுத்ததிடம் ஓடும் பழக்கம் இப்படித்தான் வருகிறது. எட்டுப் பேர் என்றால் கையில் ஏந்திப் பால் கொடுக்க நேரம் கிடைக்கும். கொடுக்கும்போது முகம் பார்த்துப் பேசவும் முடியும். மதிப்பீட்டாளர் எண்ணாக மாற்றும் நடைமுறைத் தரம் பெருமளவு இந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது. அதோடு, எந்தக் குழந்தைக்கு யார் முதன்மைப் பொறுப்பு என்று ஒதுக்கப்படுகிறது. முடிந்தவரை அதே ஆசிரியர் நீண்ட காலம் உடனிருக்க வேண்டும்.

வேறு மாற்றங்களும் உண்டு. சேர்ந்த 45 நாளுக்குள் குழந்தையின் பார்வை, செவித்திறன், வளர்ச்சி நிலை பரிசோதிக்கப்பட வேண்டும். பேச்சு தாமதமாவது தெரிந்தால் சிகிச்சைக்கு அனுப்புவதும், அது நடந்ததா என்று தொடர்வதும் திட்டத்தின் கடமை. மையத்தில் இருக்கும் நேரத்துக்கான டயப்பரையும் பால்மாவையும் திட்டமே தருகிறது. சாதாரணக் காப்பகத்தில் இவை தாய் காலையில் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டியவை. ஆசிரியர் ஆண்டுக்கு இரண்டு முறையாவது வீட்டுக்குப் போய்க் குடும்பத்தைப் பார்க்கிறார். ஒரு பயிற்சியாளர் வகுப்பில் உட்கார்ந்து கவனித்து, பிறகு தனியே ஆசிரியரோடு பேசுகிறார். தரத்தை நிலைநிறுத்துவதில் இந்த வழிகாட்டலுக்கே பெரும் பங்கு உண்டு. ஒருநாள் பயிற்சி முகாம்கள் இதற்கு ஈடாகா.

பலன் திட்டத்தில் பதிவுபெற்ற குழந்தையோடு நிற்பதில்லை. எட்டுப் பேரில் மூவர்தான் திட்டத்தில் இருக்கிறார்கள் என்றாலும் அறை அளவும் ஆசிரியர் பயிற்சியும் புதுப் பொம்மைகளும் எட்டுப் பேருக்கும் பொது. குடும்பத்துக்கான சேவைகள் மட்டும் பதிவுபெற்றவருக்கு உரியவை. பக்கத்துத் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அதே தேவை இருந்தும் உதவி கிடைக்காததைப் பார்த்துக்கொண்டிருப்பது பணியாளர்களுக்கு வேதனையான நிலை.

சான்றுகள்

ஓஹையோ மாநிலத்தில் ஹெட் ஸ்டார்ட்டோடு ஒப்பந்தம் செய்த காப்பகங்களையும் செய்யாதவற்றையும் கல்வி மேம்பாட்டு மையம் என்ற ஆய்வு நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் ஒப்பிட்டது. கூட்டில் இருந்தவற்றில் உடல்நலப் பரிசோதனைகளும் குடும்பச் சேவைகளும் கூடுதல். வகுப்பறைத் தரமும் மேலாக இருந்தது. இதை அப்படியே காரண காரியமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஏற்கனவே ஓரளவு நன்றாக நடந்த காப்பகங்களே கூட்டுச் சேர முன்வந்திருக்கலாம், அல்லது அவற்றையே ஹெட் ஸ்டார்ட் தேர்ந்தெடுத்திருக்கலாம். 2014-இன் நிதியில் உருவான கூட்டுகளைப் பற்றி மேத்தமேட்டிகா நிறுவனம் நடத்திய தேசிய ஆய்வும் நடந்ததை விவரிக்கும் ஆய்வே. ஒப்பீட்டுக் குழு வைத்துப் பலனை அளந்ததல்ல.

வலுவான சான்று நியூ ஜெர்சியிலிருந்து வருகிறது. அங்கே கூட்டுக்கு வழிவகுத்தது நீதிமன்றம். ஏழை நகரங்களின் பள்ளிகளுக்கு நியாயமான நிதி கோரிய அபாட் வழக்கில், அந்த மாவட்டங்களின் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்குத் தரமான முன்பள்ளி தர வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பளித்தது. பள்ளிகளில் போதிய அறைகள் இல்லை. எனவே மாவட்டங்கள் தனியார் காப்பகங்களோடும் ஹெட் ஸ்டார்ட்டோடும் ஒப்பந்தம் செய்தன. குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அவற்றில்தான் படித்தார்கள்.

2000-இல் நீதிமன்றம் மேலும் இறுக்கியது: வகுப்புக்கு 15 குழந்தைகளுக்கு மேல் கூடாது, ஆசிரியர்கள் 2004-க்குள் பட்டமும் முன்பருவச் சான்றிதழும் பெற வேண்டும். தொடக்கத்தில் தனியார் மையங்களின் ஆசிரியர்களில் பட்டதாரிகள் மூன்றில் ஒரு பங்குதான். பல ஆண்டுகளாகக் காப்பகத்தில் உழைத்த பெண்கள் மாலையில் கல்லூரிக்குப் போனார்கள். படிப்புச் செலவை மாநிலம் ஏற்றது. படித்து முடித்தவர்களுக்குப் பள்ளி ஆசிரியருக்கு நிகரான சம்பளமும் தரப்பட்டது. சில ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லோரும் தகுதி பெற்றுவிட்டார்கள். வகுப்பறை மதிப்பெண் சராசரி 1999-2000-இல் 4-க்கும் கீழே இருந்தது. 2007-08-இல் 5-ஐத் தாண்டியது. அதே தெரு, அதே கட்டடம், பல இடங்களில் அதே ஆசிரியர்கள். ஆள்களை மாற்றாமலே தரத்தை உயர்த்த முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அமெரிக்காவில் இல்லை.

இடர்கள்

ஒரு குழந்தைக்கு இரண்டு கோப்பு வைக்க வேண்டியிருப்பது முதல் தொல்லை. ஹெட் ஸ்டார்ட்டுக்குப் பொதுவாகக் குடும்ப வருமானம் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஒருமுறை சேர்ந்தால் இடம் எளிதில் பறிபோகாது. மானியத்துக்கு வேறு உச்சவரம்பு. அதோடு பெற்றோர் வேலையிலோ படிப்பிலோ இருந்தாக வேண்டும். முன்பு தாய்க்கு வேலை போனால் மானியமும் போய்விடும் நிலை இருந்தது. குழந்தை அதே அறையில் தொடர்ந்தது. அதற்கான பணத்தில் ஒரு பகுதி வரவில்லை. 2014 நவம்பரில் கையெழுத்தான மானியச் சட்டம், ஒருமுறை தகுதி பெற்றால் 12 மாதம் நீடிக்கும் என்று ஆக்கியதில் இந்தச் சிக்கல் ஓரளவு தணிந்தது.

கூட்டாளிகள் சமநிலையில் இருப்பதில்லை. பணமும் விதிமுறையும் ஒரு பக்கம் இருப்பதால், சிறு காப்பகத்தின் உரிமையாளர் தன் இடத்திலேயே அடுத்தவரின் கிளை மேலாளராகிவிட்டதுபோல் உணர்வதுண்டு. வீட்டில் நான்கைந்து குழந்தைகளைத் தனியாளாகப் பார்ப்பவருக்குப் படிவங்கள் எழுதக் கிடைப்பது குழந்தைகள் உறங்கும் நேரமும் இரவும்தான். விதிகளை எட்ட முடியாமல் விலகியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விலகும்போது, இரவு ஷிப்ட் வேலைக்குப் போகும் தாய்மாருக்குக் கைகொடுக்கும் இடங்களும் கூட்டிலிருந்து விலகிவிடுகின்றன.

எல்லாவற்றிலும் கனமானது சம்பளம். 2022-இல் அமெரிக்கக் காப்பகப் பணியாளரின் இடைநிலை ஊதியம் மணிக்கு 13.71 டாலர். கூட்டாண்மையின் பணத்தில் சான்றிதழ் பெற்று, பட்டமும் முடித்தவர் கூடுதல் சம்பளத்துக்குப் பொதுப்பள்ளிக்குப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவரிடம் பழகிய பத்து மாதக் குழந்தை மறுபடியும் ஒரு புது முகத்தோடு பழக வேண்டியிருக்கிறது. நியூ ஜெர்சி இதைச் சம்பளச் சமநிலையால் தடுத்தது. அந்தச் சமநிலை மூன்று, நான்கு வயது வகுப்புகளுக்குத்தான், அதே கட்டடத்தின் கைக்குழந்தை அறைக்குக் கிடையாது.

மானியத்தைக் குழந்தை வந்த நாளுக்கு மட்டும் கணக்கிட்டு, மாதம் முடிந்தபின் தரும் வழக்கம் பல மாநிலங்களில் இருந்தது. மாதச் சம்பளம் தர வேண்டிய காப்பகத்தால் அந்த வரவை நம்பி நிரந்தரமாக ஓர் ஆசிரியரை அமர்த்த முடியாது. 2024 மார்ச்சில் வெளியான கூட்டரசு விதி, பணத்தை முன்கூட்டியே, வருகையைப் பார்க்காமல் பதிவின் அடிப்படையில் தருமாறு மாநிலங்களைப் பணித்தது. அதன்படி, காய்ச்சலால் ஒரு குழந்தை நான்கு நாள் வராவிட்டாலும் அந்த மாதத்துக்கான தொகை குறையக் கூடாது என்று இருந்தது.