கேத்தி ஸ்டேஷனும் குறிஞ்சித் தேனும்

ஊட்டின்னா உங்களுக்கு முதல்ல என்ன ஞாபகம் வரும்? எனக்கு ரொம்ப வருஷமா கேத்தி ஸ்டேஷன்தான். 'மூன்றாம் பிறை' (1982) கடைசிக் காட்சி எடுத்த இடம். மழை, சேறு, கமல், கிளம்பிப் போற ரயில்.

ஒருதடவை மலை ரயில்ல போனப்ப, கேத்தி வந்ததும் நானும் ஜன்னல்ல எட்டிப் பார்த்தேன். எதிர்ல இருந்த உள்ளூர்ப் பெரியவர் சிரிச்சுட்டார். "ஸ்டேஷனைத்தான் எல்லாரும் பாக்கறாங்க தம்பி. அந்தப் பக்கம் எங்க ஊர் இருக்கு, அதை யாரும் பாக்கறதில்ல."

சுருக்குன்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா, வாங்கி வச்சு படிக்காம இருந்த ராஜம் கிருஷ்ணனோட 'குறிஞ்சித் தேன்' நாவலைத் தூசி தட்டினேன்.

1963ல வந்த புத்தகம். ராஜம் கிருஷ்ணன் முசிறிக்காரர். கணவர் மின்துறை என்ஜினியர். மலைக்கு அவரும் வெளியாள்தான். ஆனா பனியையும் பூவையும் பார்த்துட்டுத் திரும்பலை. படகர்களோட ஹட்டிக்குள்ள போறார். எருமை, சாமை, ராகி, ஹெத்தை வழிபாடு, சொந்தபந்தச் சண்டைன்னு அந்த வாழ்க்கையை உள்ளேயிருந்து சொல்றார். குறிஞ்சி பூக்கிறது 12 வருஷத்துக்கு ஒருதடவை. அந்தக் கணக்குலயே கதையும் தலைமுறை தாண்டிப் போகுது.

அப்புறம் மலைக்குள்ள காசு வருது. உருளைக்கிழங்கு, தேயிலை, பள்ளிக்கூடம், அணைக்கட்டு. குந்தா நீர்மின் திட்டம் கனடா உதவியோட உருவான காலம் அது. சாமை வீட்டுக்குச் சோறு போடும். தேயிலை கைக்குக் காசு தரும், ஆனா விலையை வேற யாரோ முடிவு பண்ணுவாங்க. 1990களின் கடைசியில பச்சைத் தேயிலை விலை விழுந்து சிறு விவசாயிகள் தவிச்சதை நினைச்சுகிட்டு இதைப் படிச்சா, பழைய கதையாவே தெரியாது.

ஒரு குறையும் சொல்லணும். நாவல் வந்த மறு வருஷம், 1964ல, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையிலிருந்து திரும்பின மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க 1968ல அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கி, 1976ல அது டான்டீ ஆச்சு. இந்த நாவல்ல அவங்க இருக்க முடியாது, சரி. சினிமாலயாவது இருக்காங்களா? பாட்டுக் காட்சியில கூடையோட பின்னாடி நிக்கறதோட சரி. வால்பாறைப் பக்கத்துக்கு 'எரியும் பனிக்காடு' இருக்கு. டாக்டர் பி.எச்.டேனியல் 1969ல ஆங்கிலத்துல எழுதினதை இரா.முருகவேள் தமிழாக்கினார், 'பரதேசி' (2013) அதிலிருந்து வந்த படம். கூடலூர், கோத்தகிரி லயன் வீடுகளுக்கும் அப்படி ஒண்ணு வேணும். யாராவது எழுதியிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, தேடி வாங்கிடறேன்.

ராஜம் கிருஷ்ணன் 2014ல காலமானார். அவரோட படைப்புகளை அவர் இருக்கும்போதே அரசு நாட்டுடைமை ஆக்கிடுச்சு, அதனால 'கிடைக்கலை'ங்கிற சாக்கு செல்லாது.

2018ல குறிஞ்சி பூத்தப்ப கேமராவோட ஓடின கூட்டத்துல நானும் ஒருத்தன். அடுத்தது 2030. அதுக்குள்ள இன்னொருதடவை கேத்தி வழியா போகணும். இந்தத் தடவை அந்தப் பக்க ஜன்னல்.