ஓசூரின் பின்பனியும் ஓய்வுக்காலத் தோட்டங்களும்

மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் என்பது பழந்தமிழ்க் கணக்கு. தமிழகத்தின் பெரும்பகுதியில் இந்தப் பெயருக்கு இன்று வேலை இல்லை. மாசி பிறந்ததும் மதுரையிலும் திருச்சியிலும் மின்விசிறி முழு வேகத்தில் ஓடத் தொடங்கிவிடும். ஓசூரிலோ மாசியின் முதல் பாதி வரை விடிகாலையில் ஸ்வெட்டரும் குல்லாவும் கழல்வதில்லை. வாசலில் நிறுத்திய வண்டியின் இருக்கையைத் துடைக்காமல் ஏற முடியாது. ஒன்பது மணிக்குமேல் வெயில் சுள்ளென்று ஏறும். மாலை ஆறரைக்கு மறுபடியும் குளிர் இறங்கும். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்ற பழமொழியை இங்கே யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

காரணம் உயரம். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், மைசூர்ப் பீடபூமியின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500 மீட்டர்தான். சூளகிரி வழியாக மேலேறும் நெடுஞ்சாலையில் பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு அந்த நானூறு மீட்டர் உடம்பிலேயே தெரியும். குளிர்காலக் கடைசியில் வானம் தெளிந்து காற்றும் வறண்டிருப்பதால், பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை இரவில் சீக்கிரம் இழந்துவிடுகிறது. அதனால்தான் விடியலில் பதினாறு பாகை காட்டும் வெப்பமானி பிற்பகலில் முப்பதைத் தொடுகிறது. ஜனவரி, பிப்ரவரியில் மழை அநேகமாக இல்லை. செடிக்கு வேண்டிய ஈரத்தைப் பனி கொஞ்சம் தரும், மீதியைக் குடம்தான் தரவேண்டும்.

பழைய சேலம் மாவட்டத்தை ஆங்கிலேய அதிகாரிகள் பாலாகாட், பாராமகால், தாலாகாட் என்று மூன்றாகப் பிரித்து எழுதினார்கள். ஓசூர் மேட்டுநிலம் பாலாகாட். கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரமான பாராமகால் 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தது. ஓசூர் 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகுதான் வந்தது. பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக ஏழாண்டுகள் நிலவரிக் கணக்கெடுத்த தாமஸ் மன்றோ, தர்மபுரியில் ஒரு தோட்டமும் போட்டார். பிற்காலத்தில் சென்னை ஆளுநரான அவர், அந்தத் தோட்டத்தைப் பிரிய மனமில்லாமல் எழுதிய கடிதம் எஞ்சியிருக்கிறது. இந்த மாவட்டத்தில் வேலை முடிந்ததும் செடியை விட்டுப் போக முடியாமல் தவித்தவர்களின் பட்டியலில் அவர் பெயரை முதலில் எழுதலாம்.

ஓசூரின் குளிரைக் கம்பெனி முதலில் பயன்படுத்தியது மனிதருக்காக அல்ல, குதிரைக்காக. மத்திகிரியில் 1824-இல் தொடங்கிய பண்ணை, ராணுவத்துக்குக் குதிரை பழக்கும் இடமாக இருந்தது. 1,600 ஏக்கருக்கு மேல் பரந்த அந்தப் புல்வெளி பிற்பாடு கால்நடைப் பண்ணையாக மாறி இன்றும் இருக்கிறது. அதை ஒட்டி வந்த வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு இந்த ஊர் சொந்த நாட்டை நினைவூட்டியது. பக்கத்திலுள்ள தளிக்கு 'குட்டி இங்கிலாந்து' என்ற பெயர் விழுந்தது அப்படித்தான். பெங்களூரில் 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் நாற்பது கிலோமீட்டர்தான் என்பதும் முக்கியம். 1908-இல் அங்கே பொறுப்பேற்ற ஜெர்மானியத் தோட்டக்கலைஞர் கிரம்பீகல் வளர்த்த பூமர ரசனை மாநில எல்லையோடு நின்றுவிடவில்லை. குடியரசு நாள் மலர்க்காட்சிக்கு ஓசூர்க்காரர்கள் போவதும், திரும்பும்போது பையில் நாற்று இல்லாமல் வராததும் இன்றைக்கும் உண்டு.

ஆனால் ஓசூரின் வீட்டுத் தோட்டக்காரர்களை உண்டாக்கியது தொழிற்பேட்டைதான். 1970-களில் சிப்காட் வளாகம் வந்தது. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என்று எண்பதுகளில் ஆலைகள் அடுத்தடுத்து இயங்கத் தொடங்கின. தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் இருபது வயதில் ஐ.டி.ஐ. சான்றிதழோடு வந்தவர்கள், மூன்று ஷிப்டும் பார்த்து, அட்கோவிலும் மத்திகிரியிலும் முப்பதுக்கு நாற்பதில் ஒரு மனை வாங்கி வீடு கட்டினார்கள். அந்தத் தலைமுறை 2010-க்குப் பிறகு கும்பல் கும்பலாக ஓய்வுபெற்றது. தொழிலாளர் வைப்புநிதி ஓய்வூதியம் பலருக்குச் சில ஆயிரம்தான். அதன் குறைந்தபட்சத் தொகையே 2014-இல்தான் ஆயிரம் ரூபாயானது. கீரையும் தக்காளியும் மாடியில் வளர்ப்பது இவர்களுக்குப் பொழுதுபோக்கு என்று எழுதிவிடுவது சுலபம், முழு உண்மை அல்ல. ஐந்தரை மணிக்கு எழுந்து பழகிய உடம்பு ஓய்வுபெற மறுத்தது என்பதும் சேர்த்துச் சொல்லவேண்டியது.

இவர்களின் பின்பனிக் காலை ஏறத்தாழ ஒரே மாதிரிதான். நடைப்பயிற்சி முடிந்து டீக்கடை வாசலில் நிற்கும்போது பேச்சு ஒருவர் வீட்டு முட்டைக்கோஸில் தொடங்கி இன்னொருவர் வீட்டு ரோஜாவில் முடியும். "என்ன சார், உங்க செடியில பேன் விழுந்திருச்சா?" என்று கேட்பது நலம் விசாரிப்பதற்குச் சமம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் நட்ட காலிஃபிளவரும் பீன்ஸும் பீட்ரூட்டும் இப்போது அறுப்புக்கு வரும். பனி இருக்கும்வரை இலையில் சாம்பல் நோய், பனி விலகி வெயில் காய்ந்ததும் சிவப்புச் சிலந்திப்பேன் என்று ரோஜாவுக்கு இரண்டு பக்கமும் இடி. மாலையில் தண்ணீர் ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும் என்பதால், காலை எட்டரைக்குமேல் வேரில் மட்டும் ஊற்றுவார்கள்.

அந்த ரோஜாவுக்கே தனி வரலாறு உண்டு. பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பிறகு, தொண்ணூறுகளில் ஓசூரைச் சுற்றிப் பசுமைக்குடில்கள் எழுந்தன. அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவின் பங்கேற்போடு அமுதகொண்டப்பள்ளியில் டான்ஃப்ளோரா மலர்ப் பூங்கா உருவானது. பாகலூர், பேரிகை, தளிப் பக்கம் கேழ்வரகு விளைந்த நிலங்களில் 'தாஜ்மகால்' என்ற சிவப்பு ரகம் நின்றது. பிப்ரவரி 14-க்குப் பூ வேண்டும் என்றால் டிசம்பரிலேயே கவாத்துச் செய்யவேண்டும். வெட்டிய கொம்பு மறுபடி பூக்க ஏழு வாரம் ஆகும். தைப் பனி அதிகமானால் மொட்டு நான்கைந்து நாள் தாமதிக்கும், பூவை ஏற்றிச்செல்லும் விமானம் தாமதிக்காது. எனவே காதலர் தினத்தின் கணக்கு மார்கழிக் குளிரிலேயே போடப்படுகிறது.

தமிழகமெங்கும் 'ஓசூர் ரோஸ்' என்று நாற்றுப்பண்ணைகளில் விற்பது, காட்டு ரோஜா வேர்ச்செடியில் நல்ல ரகத்தின் மொட்டைக் கட்டியது. ஒட்டுக்குக் கீழிருந்து வேர்ச்செடியின் தளிர் கிளம்பினால் கிள்ளவேண்டும். இல்லாவிட்டால் அது ஒரே கோடையில் மேலே இருப்பதைத் தின்றுவிடும். "நிறைய தழைக்குது, பூதான் இல்லை" என்று சென்னையிலிருந்து மகள் போனில் சொன்னால், ஓசூரில் அப்பா கேட்கும் முதல் கேள்வி ஒட்டைப் பற்றியதுதான்.

சமையலறையில் பின்பனியின் அடையாளம் மொச்சை. கேழ்வரகுக் காட்டில் ஊடுபயிராகப் போட்ட மொச்சைக்காய் மார்கழியில் வரத் தொடங்கி மாசியோடு தீர்ந்துவிடும். பச்சை மொச்சையை இரவு ஊறவைத்து, காலையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால், தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். அதுதான் பிதுக்கம்பருப்பு. பிதுக்கிய தோல் முழுதும் எருக்குழிக்குப் போகும். ஒரு படி மொச்சை பிதுக்க ஒரு மணி நேரமாவது ஆகும் என்பதால், திண்ணைப் பேச்சுக்கு அது நல்ல சாக்கு.

கீழே கிருஷ்ணகிரி, சந்தூர், போச்சம்பள்ளியில் இதே நாட்களில் கவலை வேறு. மா பூத்திருக்கும். பனி நீடித்தால் பூங்கொத்தில் சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் ஏறும். மேலே பனியோடு மல்லுக்கட்டும் ரோஜாக்காரரும் கீழே அது விலகக் காத்திருக்கும் மாந்தோப்புக்காரரும் ஒரே மாவட்டம்தான். 2004-இல் தர்மபுரியிலிருந்து பிரிந்த மாவட்டம்.

சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயில் தேர் மார்ச் வாக்கில் ஓடும்போது குல்லாக்கள் பெட்டிக்குள் போயிருக்கும். அதற்குள் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் இறங்கத் தொடங்கும், டேங்கர் லாரி தெருவுக்குள் வரும். கடைசி முட்டைக்கோஸைப் பிடுங்கிய பையில் பாதி மண்ணை மாற்றி, தொழுவுரம் கலந்து, பீர்க்கனும் புடலையும் ஊன்றிப் பந்தலுக்குக் கயிறு கட்டுவார்கள். கொத்தமல்லி விதைக்க மட்டும் கோடை மழை வரட்டும் என்று விட்டுவைப்பார்கள்.