செல்மா நகரத்துப் பாலம்

ஒரு நாட்டின் வரலாறு தலைநகரத்திலேதான் திசை மாறும் என்று நாம் எண்ணுவது இயல்பு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் அண்மை வரலாற்றில் ஒரு பெருந்திருப்பமோ அலபாமா மாநிலத்தின் செல்மா என்னும் சிறு நகரில், ஓர் ஆற்றுப் பாலத்தின்மேல் நிகழ்ந்தது. அதனைப் பற்றியே நேயர்களுடன் இன்று பேச விரும்புகிறேன்.

இனத்தைக் காரணமாகக் காட்டி வாக்குரிமையை மறுத்தலாகாது என்று 1870-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு அரசியலமைப்பில் திருத்தம் செய்யப்பெற்றது. ஆயின், ஏட்டில் இருந்த உரிமை தென் மாநிலங்களின் நடைமுறையில் இல்லை. அவை அதனை நேரே மறுக்கவில்லை, சுற்றுவழி கண்டன. தலைவரி கட்டினால்தான் வாக்கு என்றன. எழுத்தறிவுத் தேர்வு வைத்தன. அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படித்துப் பொருள் கூறவேண்டும். அப்பொருள் சரியா என்று தீர்ப்பவரோ வெள்ளை அதிகாரி! கற்ற ஆசிரியர்களும் அவர்முன் தோற்றுத் திரும்பினர். செல்மா அமைந்த டல்லஸ் வட்டாரத்தில் வாக்களிக்கும் வயதினருள் ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பின மக்கள். 1965-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்களுள் நூற்றுக்கு மூவர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை.

அவ்வாண்டு பிப்ரவரியில், அண்மையிலுள்ள மாரியன் என்ற ஊரில் ஜிம்மி லீ ஜாக்ஸன் என்னும் 26 வயது இளைஞரை மாநிலக் காவலர் ஒருவர் சுட்டார். சில நாளில் அவர் உயிர் நீத்தார். நீதி கேட்டு, மாநிலத் தலைநகராகிய மாண்ட்கமரி வரை 54 மைல் நடந்து செல்வதென முடிவாயிற்று. மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை, சுமார் 600 பேர் பாலத்தில் ஏறினர். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதி எட்மண்ட் பெட்டஸின் பெயர் தாங்கிய பாலம் அது. பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்! மறுமுனையில் காவலர்கள் கண்ணீர்ப் புகையும் தடியும் குதிரைப்படையுமாய்ப் பாய்ந்தனர். முன்னணியில் நின்ற 25 வயது ஜான் லூயிஸின் மண்டை பிளந்தது.

அன்றிரவு, நாஜிகளின் நீதி விசாரணையைக் கூறும் திரைப்படம் ஒன்றை இடைநிறுத்தி, ஏ.பி.சி. தொலைக்காட்சி இக்காட்சியைக் காட்டிற்று. கோடிக்கணக்கானோர் தம் வீட்டுக் கூடத்திலிருந்தே கண்டனர். மார்ச் 15-இல் குடியரசுத் தலைவர் ஜான்ஸன் காங்கிரஸின் முன் தோன்றிப் புதிய சட்டம் வேண்டினார். நீதிமன்ற அனுமதியுடன் 21-ஆம் நாள் மீண்டும் புறப்பட்ட நடைப்பயணம் 25-இல் மாண்ட்கமரியை எய்தியபோது 25,000 பேர் திரண்டிருந்தனர். அதனை நடத்திய மார்ட்டின் லூதர் கிங், 1959-இல் இந்தியா வந்து விடைபெறுகையில் நம் அகில இந்திய வானொலிக்குச் செய்தி அளித்துச் சென்றவர்.

ஆகஸ்டு 6-இல் வாக்குரிமைச் சட்டம் கையொப்பமாயிற்று. தேர்தல் விதியை மாற்ற விரும்பும் குறிப்பிட்ட வட்டாரங்கள் முன்னரே மத்திய அரசின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. அநீதி நடந்தபின் வழக்காடுவது வேறு. நடக்குமுன் தடுப்பது வேறு அன்றோ? மிஸிஸிப்பியில் பதிவு பெற்ற கறுப்பின வாக்காளர் நூற்றுக்கு 7 பேருக்கும் குறைவாக இருந்தனர். இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 60 ஆயினர்.

2013 ஜூனில் உச்சநீதிமன்றம், எவ்வட்டாரங்கள் ஒப்புதல் பெறவேண்டும் என வகுத்த விதி பழமையானதென்று ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் நீக்கிற்று. உயிர்நாடி தளர்ந்தது. மாறுபட்ட நீதிபதி கின்ஸ்பர்க், நனையவில்லை என்பதற்காகக் கொட்டும் மழையில் குடையை எறிவதற்கு இதனை ஒப்பிட்டார். என் கருத்தும் அதுவே.

ஜான் லூயிஸ் 1986-இல் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்று, 2020 ஜூலையில் காலமாகும்வரை அங்கே பணியாற்றினார். அவரது உடலைத் தாங்கிய குதிரை வண்டி அப்பாலத்தைக் கடந்தது. மறுபுறத்தில் அலபாமா மாநிலக் காவலர்கள் வணக்கம் செலுத்தி நின்றனர்.