கடலடி வடமும் மின்பாலமும்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி கடந்து செல்லுந் தரைவழி ஊர்காவற்றுறைக்கும் குறிகட்டுவானுக்கும் கொண்டு சேர்க்கும். அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் கடலே வழி. இத்தகைய கடலின் அடியிற் கிடக்கும் வடமொன்று பழுதுற்றால், பழுதுற்ற இடத்தை வடத்தைத் தூக்காமலே அறிவது எங்ஙனம்? ஆய்கூடத்தில் மாணவர் பயிலும் மின்பாலம் வளர்ந்த வரலாற்றில் இவ்வினாவுக்குப் பெரும்பங்கு உண்டு.

அப்பாலத்தை 1833இல் முதலில் விவரித்தவர் கணித ஆசிரியரான சாமுவேல் ஹண்டர் கிறிஸ்ரி. பத்தாண்டுகளின் பின் சாள்ஸ் உவீற்ஸ்ரன் அதனை எடுத்தாண்டார். முன்னோடி கிறிஸ்ரியே என அவர் வெளிப்படையாகக் கூறியிருந்தும், உலகம் உவீற்ஸ்ரன் பாலம் என்றே வழங்கலாயிற்று. பெயர்கள் எப்போதும் நீதியோடு நிலைப்பதில்லை.

1858இல் இலங்கையும் இந்தியாவும் மன்னார்க் கடல்வழியே தந்தி வடத்தால் இணைந்தன. கடல்வடங்கள் பெருகவே பாலம் ஆய்கூடத்தினின்றும் கரைக்கு வந்தது. குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே 10 கிலோமீற்றர் நீளமான ஈரிழை வடமொன்று கிடப்பதாகக் கொள்வோம். ஓரிழையின் காவலி கிழிந்து கடல்நீர் புகுந்துவிட்டது. நெடுந்தீவில் இரு முனைகளையும் இணைத்தால், பழுதிடம் 20 கிலோமீற்றர் வளையத்தை இரு புயங்களாகப் பிரிக்கும். குறிகட்டுவானிற் பாலத்தைச் சமன்செய்யும்போது அப்புயங்களின் விகிதம் 1:3 எனில், பழுது 5 கிலோமீற்றர்த் தொலைவில் உளது. பழுதிடத்துத் தடை கடல்நீராற் கணந்தோறும் மாறினும், அது மின்கலக் கிளையிற் சேர்வதாற் சமநிலையைக் கெடுக்காது. முறையின் நயம் இதுவே.

ஆனால் இழை முற்றாக அறுந்துவிட்டால் வளையம் இல்லை; தடையை அளப்பதாற் பயனுமில்லை. கடல்வடம் வெறுங் கம்பியன்று, நீண்டதோர் மின்னொடுக்கியுமாகும் என்பதை வில்லியம் தொம்சன் 1850களிலேயே காட்டியிருந்தார். இதனை மேலும் ஆராய்ந்தவர் ஒலிவர் ஹெவிசைட். உவீற்ஸ்ரனின் மனைவிக்குச் சகோதரி மகனான இவர் பல்கலைக்கழகம் மிதியாதவர். டென்மார்க் கடல்வடத் தந்திப் பணியிலிருந்தவர். பாலத்தின் சிறந்த அமைப்பைப் பற்றி 1873இற் கட்டுரை எழுதினார். ஆடலோட்டத்துக்குத் தடையும் தூண்டலும் கொள்ளளவும் சேர்ந்து விளைக்கும் எதிர்ப்புக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை 1886இல் இட்டவரும் அவரே. நம்மவர் அதனைத் தடங்கல் என்பர்.

நேரோட்டப் பாலத்துக்கு ஒரு நிபந்தனை போதும். ஆடலோட்டப் பாலத்துக்கோ இரண்டு வேண்டும்: எதிர்ப்புயங்களின் தடங்கற் பருமன்களின் பெருக்கங்கள் சமமாதல் வேண்டும், அவற்றின் அவத்தைக் கோணங்களின் கூட்டுத்தொகைகளும் சமமாதல் வேண்டும். ஒன்றைத் திருத்த மற்றது குலையுமாதலின், இரண்டையும் மாறிமாறித் திருத்தியே சமநிலையை அணுகுவர். 1891இல் மாக்ஸ் வீன் இவ்வகைப் பாலங்களை விரிவாக ஆராய்ந்தார். கல்வனோமானிக்குப் பதிலாகத் தொலைபேசிச் செவிக்கருவியும் பயன்பட்டது. ஒலி அடங்குவதே சமநிலைக்கு அடையாளம்.

அறுந்த முனை காவலியினுள்ளே காப்புற்றிருப்பின், அவ்விழையின் கொள்ளளவு எஞ்சிய நீளத்துக்கு நேர்விகிதமாகும். மறுகரை முனை திறந்திருக்க, நல்லிழையோடு அதனைப் பாலத்தில் ஒப்பிட்டு விகிதம் 1:2 எனக் கண்டால், அறுந்த இடம் மீண்டும் 5 கிலோமீற்றரே. படகு நேரே அவ்விடத்துக்குச் செல்லலாம்.