ஐட்லிங்: சேர்வராயன் மலை சொல்லிக்கொடுத்த கேம்ஷாஃப்ட் வரலாறு

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சில வருடங்களுக்கு முன்பு, அதில் ஒன்றில் இறங்கும்போது நண்பரின் பழைய கார்புரேட்டர் கார் ஆஃப் ஆகிவிட்டது. பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வந்துகொண்டிருந்தார். இரண்டு தடவை பிரேக் பிடித்தது, மூன்றாவது தடவை பெடல் கல் மாதிரி இறுகிவிட்டது. கைப்பிரேக்கை இழுத்து, ஓரச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினார். பக்கத்து சீட்டில் நான்.

பிரேக்கில் கோளாறு ஒன்றும் இல்லை. ஒரு மாதம் முன்புதான் "வண்டி பிக்கப் ஆகணும்" என்று லேத் பட்டறையில் கேம்ஷாஃப்ட்டை மறுபடி அரைத்து மாட்டியிருந்தார். மூல காரணம் அங்கேதான் இருந்தது. கேம்ஷாஃப்ட்டுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று தேடப்போய், நான் 1900-ல் பிரான்சின் ஒரு மலைச்சாலையில் போய் நின்றேன்.

ஆரம்பகால கார் எஞ்சின்களில் இன்லெட் வால்வைத் திறக்க கேம் கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலே மெல்லிய ஸ்பிரிங்கை மீறி வால்வைத் திறக்கும். இதனால் எஞ்சின் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஒழுங்காக ஓடும். மெதுவாக நின்று ஓடு என்றால் தடுமாறும்.

மார்ச் 1900-ல் நீஸ் நகரருகே லா துர்பி மலையேற்றப் போட்டியின் முதல் வளைவிலேயே டைம்லர் கார் ஒன்று பாறையில் மோதியது. ஓட்டிய வில்ஹெல்ம் பாவர் இறந்துபோனார். உயரமான, கனமான, குட்டையான வண்டி அது. அதன்பிறகு எமில் யெல்லினெக் தாழ்ந்த, அகலமான, லேசான கார் வேண்டுமென்று கேட்க, வில்ஹெல்ம் மைபாக் வடிவமைத்ததுதான் 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ். 5.9 லிட்டர் எஞ்சின். இன்லெட் வால்வுகளையும் கேம்ஷாஃப்ட்டே திறந்தது. ஓட்டுநர் நெம்புகோலைத் திருப்பி 300-லிருந்து 1,000 ஆர்பிஎம் வரை வேகத்தை மாற்றலாம். 1901-ல் அதே லா துர்பி மலையில் இந்தக் கார் ஜெயித்தது.

ஆக, எஞ்சினுக்கு நிதானமாக நின்று ஓடக் கற்றுக்கொடுத்ததே இன்லெட் கேம்தான். அந்த நிதானத்தைப் பின்னால் பறித்ததும் கேம்தான். ரேஸ் கேம்ஷாஃப்ட் வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும். எக்சாஸ்ட் மூடுவதற்குள் இன்லெட் திறந்துவிடும். 'ஓவர்லாப்' என்று சொல்வது இதைத்தான். அதிக ஆர்பிஎம்மில் இதனால் எஞ்சின் நன்றாக மூச்சு விடும். ஐட்லிங்கிலோ, எரிந்த புகையே இன்லெட் பக்கம் திரும்பி வந்து புதுக் கலவையைக் கெடுக்கும். அதான் அந்த 'குபுக் குபுக்' சத்தம். கேட்க கம்பீரமாக இருக்கும், ஆனால் மேனிஃபோல்டில் வேக்யூம் குறைந்துபோகும். பிரேக் பூஸ்டர் வேலை செய்வது அந்த வேக்யூமில்தான்.

நம்மூர் ரேஸ் வரலாற்றில் இது பெரிய குறையாகத் தெரிந்திருக்காது. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை தடம் வந்தது. இறக்குமதி கெடுபிடியாக இருந்த காலத்தில் 1089 சிசி ஃபியட் போன்ற வண்டிகளுக்கு, இருக்கிற கேம்ஷாஃப்ட்டையே அரைத்துக்கொள்வது கைக்கு எட்டிய வழி. கேமின் அடிவட்டத்தைக் குறைத்தால் வால்வு லிஃப்ட் கூடும், குறைந்ததை டேப்பெட்டில் சரிக்கட்டலாம். நீண்ட நேர்தளத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தே ஓட்டுபவருக்கு ஐட்லிங் எதற்கு? மலை இறங்குகிறவருக்குத்தான் அது உயிர்.

எங்கள் கதைக்கு வருகிறேன். சேலத்தில் ஒரு மூத்த மெக்கானிக் வேக்யூம் கேஜை மாட்டினார். பழைய கேமுடன் 18 அங்குலம் காட்டவேண்டிய இடத்தில் 12. இக்னிஷனைச் சில டிகிரி முன்னால் நகர்த்தினார், ஏனென்றால் புகை கலந்த கலவை மெதுவாக எரியும். மிக்சர் ஸ்குரூவைக் கேஜ் முள் உச்சம் தொடும்வரை திருப்பினார். திராட்டிலை அதிகம் திறந்தால் அடுத்த பெட்ரோல் துவாரமும் திறந்துகொள்ளும் என்று, பட்டர்ஃபிளை தகட்டிலேயே சின்ன ஓட்டை போட்டுக் காற்று விட்டார். 1,100 ஆர்பிஎம்மில் வண்டி நின்றது. கேஜ் 14.

"சரியாப் போச்சாண்ணே?" என்றேன்.

"தம்பி, இது சேலத்துக்கு வெச்ச ஐட்லிங். மேல போனா செல்லாது."

போய்ப் பார்த்தோம். ஆயிரம் அடி ஏறினால் கேஜில் சுமார் ஓர் அங்குலம் குறையும் என்பது மெக்கானிக்குகளின் கணக்கு. ஏற்காடு சுமார் 1,515 மீட்டர், சேலம் 280 மீட்டர் அளவு. நாலாயிரம் அடி வித்தியாசம். மேலே கேஜ் 10-ல் நின்றது. காற்று மெலிந்து கலவை 'ரிச்' ஆகி, எஞ்சின் திணறியது. மேலே மறுபடி திருப்பினோம். கீழே வந்தால் அதுவும் சரியில்லை.

நான் மென்பொருள்காரன், "இதை ஈசியூ பார்த்துக்கொள்ளுமே" என்று தோன்றியது. அதுவும் முழுக்க உண்மையில்லை. ஓவர்லாப்பில் எரியாமல் தப்பிய ஆக்சிஜனைப் பார்த்து லாம்டா சென்சார் "பெட்ரோல் போதவில்லை" என்று தப்பாக எண்ணும். ஈசியூவும் பெட்ரோலைக் கூட்டும், ஐட்லிங் இன்னும் கெடும். கேமை மாற்றினால் உள்ளே இருக்கிற கணக்கையும் மாற்றவேண்டும்.

நண்பர் கடைசியில் பழைய கேம்ஷாஃப்ட்டையே திரும்ப மாட்டினார். பிக்கப் போய்விட்டது என்று இன்றும் குறைபட்டுக்கொள்வார். ஆனால் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது இப்போது நியூட்ரல் போடுவதில்லை, செகண்ட் கியரில் வருகிறார். கியரில் இறங்கும்போது மூடிய திராட்டிலுக்குப் பின்னால் வேக்யூம் தானே உயரும். அரைத்த கேம்ஷாஃப்ட் அவர் வீட்டு அலமாரியில் எண்ணெய்த் துணியில் சுற்றி இருக்கிறது. கேட்டால் எடுத்துக் காட்டுவார்.